“ஏன்?” என்று ஒருவரும் கேட்கவில்லை: நம் பிள்ளைகளின் மனநலமும் நம் கடமையும்

(கிள்ளான் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபத்தில், பெற்றோர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தப்பட்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வாரத்தில் ஒரு நாள்தான் உங்களுக்கு ஓய்வு. அந்த ஒரு நாளையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். சிலர் இரவு ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்திருப்பது உங்கள் சட்டையைப் பார்த்தாலே தெரிகிறது. முதலில் உங்களுக்கு என் நன்றி.

உள்ளே நுழையும்போது ஓர் அம்மா கேட்டார்: “லாயர் சார், அடையாளக் கார்டு விஷயமா பேச வந்தீங்களா, இல்ல வீட்டு விஷயமா?” இரண்டும் இல்லை அம்மா, பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பேச வந்தேன் என்றேன். “அதுக்கு டாக்டர்தானே வரணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

2009-ஆம் ஆண்டு. நான் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு நாள் இரவு ஒரு தாய் போன் செய்தார். 19 வயது மகன் மருத்துவமனையில் கிடக்கிறான். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருக்கிறான். போலீஸ் வந்து வாக்குமூலம் எடுத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்ததும் அந்தத் தாய் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, யாரு கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லிருங்க. பெரியவளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

அன்றைக்கு நம் நாட்டில் தற்கொலைக்கு முயல்வது குற்றம். குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பையன் உடம்பு தேறியதும் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒப்புக்கொண்டான். சிறை இல்லை. அரை மணி நேரத்தில் வழக்கு முடிந்தது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஏதோ பெரிய வெற்றி பெற்றுவிட்டது போல அடுத்த வழக்குக்குப் போய்விட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்தப் பையனைப் பார்த்தேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனாகவே வந்து உட்கார்ந்தான். பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: “சார், அன்னிக்கு போலீஸ்காரங்க எப்படி செஞ்சேன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரில எத்தன மணிக்குன்னு கேட்டாங்க. கோர்ட்ல ஒத்துக்கிறியான்னு கேட்டாங்க. ஏன்டா செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்கல சார். நீங்களும் கேக்கல.”

அன்றைக்குத்தான் கேட்டேன். நண்பனுக்காக ஆலோங்கிடம் ஜாமீன் நின்றிருக்கிறான். நண்பன் ஓடிவிட்டான். வேலை போய்விட்டது. ஆலோங் ஆட்கள் வீட்டுக் கேட்டில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டார்கள். அப்பா இரண்டு மாதமாக அவனோடு பேசவில்லை. தூக்கம் போய் எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. இதில் எது காரணம் என்று ஒன்றை மட்டும் எடுத்துக் காட்ட முடியாது. எல்லாம் சேர்ந்துதான் அவனை அந்த இடத்துக்குத் தள்ளின. ஆனால் யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம் என்று அவனே சொன்னான். அவனுடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் இதைச் சொல்கிறேன்.

அம்மா, டாக்டர் இருக்கும்போது லாயர் ஏன் வந்தான் என்பதற்கு இதுதான் பதில். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

சட்டம் மாறிவிட்டது

முதலில் என் தொழிலுக்கு உரியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 309-ஆவது பிரிவு இன்றைக்கு இல்லை. 2023-ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவர் இனிமேல் குற்றவாளி இல்லை.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெள்ளைக்காரன் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்திலிருந்து வந்தது. அவன் தன் சொந்த நாட்டில் 1961-லேயே இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டான். பக்கத்தில் சிங்கப்பூர் 2020 ஜனவரியிலிருந்து நீக்கிவிட்டது. நாம் 2023 வரை வைத்திருந்தோம். அத்தனை ஆண்டுகளாக, உயிர் பிழைத்த பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினோம்.

நான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன்: சட்டம் மாறியது எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குகிறவர்கள் மிகக் குறைவு. தெரியாததால் என்ன நடக்கிறது? பிள்ளை ஆபத்தில் இருக்கும்போதும் போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறார்கள். கொண்டுபோனாலும் டாக்டரிடம் பொய் சொல்கிறார்கள். உண்மை தெரியாமல் டாக்டர் எப்படிச் சரியான சிகிச்சை கொடுப்பார்? ஆகவே இன்றைக்கு இங்கிருந்து ஒரு செய்தியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இதைக் கொண்டுபோங்கள்: பயப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உண்மையைச் சொல்லுங்கள். அதற்காக யாரும் உங்கள் பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

இன்னொரு பயமும் இருக்கிறது. “மனநல டாக்டரைப் பார்த்தால் ரெக்கார்டு ஆகிவிடும், பிறகு வேலை கிடைக்காது” என்கிறார்கள். மருத்துவக் குறிப்பு வேறு, போலீஸ் ரெக்கார்டு வேறு. உங்கள் பிள்ளையின் மருத்துவக் குறிப்பு ரகசியமானது. சிகிச்சை எடுத்துக்கொண்டதால் யாருக்கும் குற்றப் பதிவு வருவதில்லை.

எது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரைத் தற்கொலைக்குத் தூண்டுவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். 2024 ஜூலையில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சமூக ஊடகத்தில் பலரும் அறிந்த நம் பெண் ஒருத்தி, இணையத்தில் தொடர்ந்து நடந்த தொல்லைக்குப் பிறகு உயிரை விட்டாள். சம்பந்தப்பட்டவர்களில் ஒருவருக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் 100 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் அதுதான் உச்ச அபராதம். நூறு வெள்ளி! நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பினால்தான் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 507B முதல் 507G வரை உள்ள அந்தப் பிரிவுகள் 2025 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளன. பள்ளியிலோ போனிலோ உங்கள் பிள்ளையை யாராவது மிரட்டினால், கேவலப்படுத்தினால், அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து வைத்து, போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். அதே சமயம் நம் பிள்ளையும் அடுத்தவன் பிள்ளையை அப்படிச் செய்கிறானா என்று பாருங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன

சுகாதார அமைச்சு 2022-இல் நாடு முழுவதும் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 40 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி சுமார் 10 பேர் மனச்சோர்வில் இருக்கிறார்கள். 5 பேருக்குச் செத்துவிடலாமா என்ற எண்ணம் வந்திருக்கிறது. ஏறக்குறைய 4 பேர் அதற்கு முயன்றிருக்கிறார்கள். 2017-இல் எடுத்த ஆய்வில் முயன்றவர்கள் 100-க்கு 7 பேர். 2022-இல் அது 9-ஐத் தாண்டிவிட்டது. இது எல்லா இனத்துப் பிள்ளைகளும் சேர்ந்த கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு கூட்டம் விடுபட்டுப் போயிருக்கிறது. இது பள்ளியில் இருக்கும் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வு. படிவம் மூன்றோடு நின்றுவிட்டு, கார் கழுவும் கடையிலும் லோரியிலும் ஏறிவிட்ட நம் பையன்களை யார் எண்ணினார்கள்? அடையாள ஆவணம் இல்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

நம் இனத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் மணியம் கேமரன் மலையைப் பற்றிய ஆய்வை 1988-லேயே வெளியிட்டார். அங்கே இப்படி இறந்தவர்களில் நம்மவர்கள் மிக அதிகம் என்று அப்போதே காட்டினார். 2008, 2009-ஆம் ஆண்டுகளின் தேசியத் தற்கொலைப் பதிவேடும் அதையே சொன்னது. மக்கள்தொகையில் நம் பங்கு எவ்வளவோ, அதைவிட இந்தச் சாவில் நம் பங்கு மிக அதிகம்.

இதைக் கேட்டதும் சிலர், “நம்ம ஆளுங்க ரொம்ப உணர்ச்சிவசப்படுவாங்க, ரத்தமே அப்படி” என்பார்கள். நான் ஏற்க மாட்டேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. நம் வாழ்க்கை எப்படி நடந்தது என்று பாருங்கள். தோட்டங்களை வீடமைப்புக்கும் மற்றவற்றுக்கும் துண்டு போட்டார்கள். மூன்று தலைமுறை பால் மரம் வெட்டிய குடும்பங்களைக் கொண்டுவந்து மலிவு விலை அடுக்குமாடியில் போட்டார்கள். பிள்ளைக்குத் தனி அறை இல்லை, விளையாடத் திடல் இல்லை. அப்பா பாதுகாவலர் வேலையில் 12 மணி நேரம், அம்மா தொழிற்சாலையில் ஓ.டி. பிள்ளையோடு பேச நேரம் எங்கே இருக்கிறது?

தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சம்சு இருந்தது, அடி உதை இருந்தது, பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் லயத்தில் ஒரு வீட்டு அடுப்பு எரியவில்லை என்றால் அது பத்து வீட்டுக்குத் தெரியும். இங்கே எட்டாவது மாடியில் ஒரு பிள்ளை பத்து நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் எதிர்வீட்டுக்குத் தெரியாது. நாம் இழந்தது அந்தக் கண்களைத்தான். மருந்தும் டாக்டரும் அரசாங்கம் கொடுக்க வேண்டியவை, அவற்றைக் கேட்டு வாங்குவோம். அந்தக் கண்களை நாம்தான் திரும்ப உண்டாக்க வேண்டும்.

நம் வீட்டுக்குள் நடக்கும் கோர்ட்டு

309-ஆவது பிரிவைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் வீட்டிலிருந்து எடுத்துவிட்டோமா?

ஒரு பிள்ளை மனசு சரியில்லை என்று சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? “எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா?” “வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்.” “கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்.” “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும் உன்னை.” 1911-இல் திறக்கப்பட்ட ஓர் ஆஸ்பத்திரி அது. எத்தனையோ பேரைக் குணப்படுத்தியிருக்கிறது. நாம் அந்த ஊர்ப் பெயரையே ஒரு வசவாக மாற்றி வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கு ஒன்று வரும்போது எப்படி வாயைத் திறப்பான்?

செய்வினை என்கிறோம், காற்றுக் கறுப்பு என்கிறோம். பூசாரிக்கு ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி கொடுக்கிறோம். நான் சாமி கும்பிடுகிறவன். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். கோயிலுக்குப் போங்கள், கிளினிக்குக்கும் போங்கள். சர்க்கரை நோய்க்கு வேண்டிக்கொண்டு மாத்திரையும் போடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் பையன்களில் பலர் மனச்சோர்வு வந்தால் அழுவதில்லை. எரிந்து விழுவார்கள். கதவை அடித்துச் சாத்துவார்கள். குடிப்பார்கள். பைக்கை வேகமாக ஓட்டுவார்கள். நாம் அதைத் திமிர் என்று நினைத்துக் கையை ஓங்குகிறோம். அடிக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று, இவன் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறான் என்று யோசியுங்கள்.

எப்படிக் கண்டுகொள்வது, எப்படிக் கேட்பது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருக்கிறதா, அல்லது எந்நேரமும் படுத்தே கிடக்கிறானா? சாப்பாடு குறைந்ததா? பிடித்த பந்து விளையாட்டை விட்டுவிட்டானா? காரணமில்லாமல் தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போடுகிறாளா? தனக்குப் பிரியமான பொருள்களை மற்றவருக்குக் கொடுக்கிறாளா? “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்று விளையாட்டாகச் சொல்கிறாளா? விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

கேளுங்கள். பெரிய சொற்பொழிவு வேண்டாம். காரில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, முகத்தை முகம் பார்க்காத நேரத்தில் கேட்டால் பிள்ளைகளுக்குப் பேச எளிது. “கொஞ்ச நாளா நீ நீயா இல்ல. என்னப்பா ஆச்சு?” அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். நடுவில் புத்தி சொல்லாதீர்கள். மற்ற பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

பயமாக இருந்தால் நேராகவே கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று மனநல மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். கேட்டால் பிள்ளைக்குப் பாரம்தான் குறையும்.

“ஆமாம்” என்று சொன்னால் பதறாதீர்கள், திட்டாதீர்கள். தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மருந்து மாத்திரை, பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், அல்லது வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அந்த வேகம் பல நேரங்களில் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கையில் கிடைக்காமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பும். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரியிலிருந்து இந்நாட்டில் முற்றாகத் தடை செய்தார்கள். அது சும்மா வரவில்லை. அந்த மருந்தை அடித்து உடம்பு கெட்ட தோட்டத்துப் பெண்களும் தெனாகானித்தா போன்ற அமைப்புகளும் பல ஆண்டுகள் போராடினார்கள். சாதாரண ஜனங்கள் குரல் கொடுத்தால் சட்டம் அசையும் என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து எங்கே போவது? உங்கள் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கே போகலாம். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். “பிள்ளைக்கு மனசு சரியில்லை, பரிசோதிக்க வேண்டும்” என்று சொன்னால் போதும். தூக்கம், பசி, மனநிலை பற்றிய சில கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுப்பார்கள். பிறகு டாக்டர் பேசுவார். தேவைப்பட்டால் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார். மெந்தாரி என்ற பெயரில் சமூக மனநல மையங்களும் பல மாநிலங்களில் இருக்கின்றன. பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தைப் போட மறுக்காதீர்கள். மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென்றும் நிறுத்தாதீர்கள்.

இந்த எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. தாலியான் காசே 15999. பிஃரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. உயிருக்கே ஆபத்து என்றால் 999. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியவை

இனி ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியதற்கு வருகிறேன். தைப்பூசத்தில் பத்துமலை 272 படிகளில் காவடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். காவடி தூக்குகிறவர் ஒருவர்தான். ஆனால் அவர் ஒருநாளும் தனியாகப் போவதில்லை. ஒருவர் தண்ணீர் வைத்திருப்பார், ஒருவர் பாடிக்கொண்டே வருவார், ஒருவர் கையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார். எப்போது கால் தளர்கிறதோ அப்போது அந்த முக்காலியைப் போட்டு உட்கார வைப்பார். “உனக்கு ஏன் கால் வலிக்குது?” என்று யாரும் திட்டுவதில்லை. நம் பிள்ளைகளும் ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். முக்காலி பிடிக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே ஐந்து காரியங்களை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு புளோக்கிலும் இரண்டு பேர். ஓர் ஆண், ஒரு பெண். மற்றவர் பேச்சை வெளியே சொல்லாதவர்கள். எப்படிக் கேட்பது, எப்போது கிளினிக்குக்கு அழைத்துப் போவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்கள் டாக்டர் வேலை பார்க்க வேண்டியதில்லை. கூடவே போனால் போதும். “வாம்மா, நானும் வர்றேன்” என்ற ஒரு வார்த்தைக்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

இரண்டு: கோயில் நிர்வாகம். திருவிழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கை இளைஞர்களுக்காக ஒதுக்குங்கள். நான் சொன்ன எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி மண்டபத்தில் மாட்டுங்கள். பள்ளியை விட்ட பையன்கள் உறுமி மேளம் அடிக்கவும் காவடி தூக்கவும் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். அவர்களைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்று: பெற்றோர் ஆசிரியர் சங்கம். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முதல் ஆண்டுதான் நம் பிள்ளைகள் தடுமாறும் ஆண்டு. மொழி மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், புகுமுக வகுப்பில் போட்டால் ஒரு வருடம் பின்தங்கிவிட்டோம் என்ற தாழ்வு மனப்பான்மை வேறு. அந்த ஆண்டில் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது போய் விசாரிக்க வேண்டும்.

நான்கு: சாவு வீடு. இது கசப்பான பேச்சு, ஆனாலும் சொல்கிறேன். ஒரு வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்தால், நாம் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். “காதல் தோல்வியாம்” என்று கதை கட்டுகிறோம். கருமாதிக்குக்கூட ஆள் குறைந்துவிடுகிறது. அந்த வீட்டில் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களும் அதே ஆபத்தில் இருக்கிறார்கள். படம் அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகும் போங்கள். தப்பிப் பிழைத்து வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையையும் காய்ச்சலிலிருந்து எழுந்தவனைப் பார்ப்பது போலவே பாருங்கள்.

ஐந்து: அரசாங்கத்திடம் கேட்போம். நாம் கேட்பது சலுகை அல்ல. தமிழ் பேசும் ஆலோசகர்கள் அரசாங்கச் சேவையில் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல சிறிய பள்ளிகள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்பதால் ஆலோசக ஆசிரியர் இல்லாமல் போகக் கூடாது. நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரையாவது நியமிக்கலாம். ஷிப்டு வேலை செய்யும் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் மனநல கிளினிக் வேண்டும். இந்நாட்டில் பிறந்தும் குடியுரிமை கிடைக்காத பிள்ளைகளிடம் வெளிநாட்டவருக்கான பல மடங்குக் கட்டணத்தை வாங்கக் கூடாது. பள்ளியிலும் வேலையிலும் “நீ யார்?” என்று கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆவணமே பாதி மருந்து. இவற்றை எழுதி, கையெழுத்து வாங்கி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம். மனுவை நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து வாங்கும் வேலை உங்களுடையது.

முடிவாக

அந்த லோரி ஓட்டும் தம்பியிடம் கடைசியாகக் கேட்டேன்: “அன்னிக்கு நான் ஏன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?” கொஞ்ச நேரம் யோசித்தான். “சொல்லியிருக்க மாட்டேன் சார். ஆனா ஒருத்தர் கேட்டாருன்னு வீட்டுக்குப் போயிருப்பேன்” என்றான்.

இன்றைக்கு அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவன் அம்மாவும் இருக்கிறார். வயித்து வலி என்று சொல்லச் சொன்ன அதே அம்மா, அண்மையில் பக்கத்து வீட்டுப் பெண்ணை அரசாங்க கிளினிக்குக்குத் தானே அழைத்துப் போய், எண் எடுத்துக்கொடுத்து, மூன்று மணி நேரம் கூடவே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் டிவியை அடைத்துவிட்டு, பிள்ளை பக்கத்தில் போய் உட்காருங்கள். “சாப்பிட்டியா?” என்று தினமும் கேட்கிறோம். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “மனசு எப்படிப்பா இருக்கு?” முதல் நாள் பதில் வராது. மறுநாளும் கேளுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருக்கிறோம். புளோக்குக்கு இரண்டு பேர் என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பெயர் எழுதும் தாள் அங்கே இருக்கிறது. என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது.